வெறுந்தாள் எண்ணுகிறவள்

டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கம்,
பெயின்ட் ஆலைக்குப் பின்தெருவில் தகரக்கூரை அச்சகம்.
என் வேலை வெறுந்தாள் எண்ணுவது.

வெறுந்தாள் என்று சொல்லாதே கோகி, என்பார்
வெர்னன் படையாச்சி.
கால்பந்து இறுதியாட்டத்தின் நுழைவுச்சீட்டு அது.
வாசல், வரிசை, இருக்கை எல்லாம்
நாளைக்கு ஆஃப்செட்டில் ஏறும்.
இன்றைக்கு ஏறுவது
கண்ணுக்குத் தெரியாத ஒரு மீன்கொத்தி.

மை பார்க்க நீர்மோர். நாற்றம் மட்டும் வேறு.
டப்பாவில் யூரோப்பியம் என்று போட்டிருக்கும்,
யாரும் போய்ச் சேராத ஊரின் பேர் மாதிரி.
சட்டத்தை இறக்கி, ரப்பர்ப் பட்டையால் ஒரே இழு.
தூக்கினால்
போன தாள் போலவே வந்த தாள்.
அடித்ததா அடிக்காததா,
ஜன்னல் வெளிச்சத்துக்கு எதுவும் தெரியாது.
ஹ்லெங்கிவே ஊதாவிளக்கைக் கொண்டுவந்து கவிழ்ப்பாள்.
தாளுக்கு அடியிலிருந்து சிவப்பாய் ஒரு பறவை
மூச்சுவாங்க மேலே வரும்.

பளீர் வெள்ளைத் தாள் இதற்கு ஆகாது.
விளக்குப் பட்டதும் அது தானே நீலமாய்க் கத்தி
பறவையை விழுங்கிவிடும்.
அழுக்கு வெள்ளைதான் வேண்டும்.
முதல் வாரம் நான் கற்ற பாடம், விலை நானூறு தாள்.

மின்வெட்டு வந்தால் விளக்கும் கிடையாது.
எதையும் சொல்லாத கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து
இரண்டரை மணி நேரம் ஆறிய டீ.

புதன்கிழமை அரை டப்பா மை காணோம்.

கள்ளச்சீட்டு, போலீஸ், ஒப்பந்தம் போச்சு என்று
வெர்னன் கதவைச் சாத்தினார்.
குழல்விளக்கை அணைத்தார்.
பள்ளிக்கூடத்தில் நகம் காட்ட நின்றதுபோல்
கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

விளக்கு வரிசையில் நடந்தது.
சாக்ரனின் சட்டை நீலமாய் எரிந்தது, சலவைத்தூள்.
பூபாலனின் டானிக் தண்ணீர் புட்டியும் நீலம்,
அதில் ஜின் கலந்திருப்பது எந்த விளக்கிலும் தெரியாது.
ஹ்லெங்கிவேயின் பற்கள், அவள் சிரித்ததால்.
அடுத்து நான்.

பத்து நகக்கண்ணும்
மஞ்சள்பச்சையாய்ப் பற்றிக்கொண்டன.
பின்னால் யாரோ ஐயோ என்றார்கள்.
கோகிலாம்பாள், என்றார் அவர்,
எட்டு வருஷத்தில் முதல்முறை முழுப்பெயர்.

மஞ்சள் பாஸ், என்றேன்.
நேற்று மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினோம்,
முந்நூறு பேருக்குக் குழம்பு.
மஞ்சள் இப்படித்தான் எரியும்.
நம் மை சிவப்பு.
நீங்கள்தானே வாங்கினீர்கள்.

சிவப்பா, என்று
விளக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.
ஒளி சரிந்த அந்த அரை நொடியில்
கட்டைவிரல் நகத்தைச் சுற்றி,
கடிகார வாரில்,
சட்டைப்பையின் ஓரத்தில்
சிவப்பு.
குங்குமம் கொட்டினாற்போல என்று சொல்லலாம்.
மை கொட்டினாற்போல.

குழல்விளக்கு இரண்டு தரம் கண்சிமிட்டி வந்தது.
எல்லார் கையும் வெறும் கை.
எண்ணிக்கை தப்பாயிருக்கும் கோகி, என்றார்.
பதிவேட்டில் அவரே அடித்துத் திருத்தினார்.
யாரும் இருமக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை சம்பள உறையில்
இருநூறு ராண்ட் அதிகம்.
ஹ்லெங்கிவே தன் உறையைப் பிரித்துக் காட்டினாள்,
அவளுக்கும் இருநூறு. சாக்ரனுக்கும்.
பூபாலனுக்கு மட்டும் நூறு;
அன்றைக்கு அவன் கண்ணாடி போட்டு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விளக்கை ஏற்றி
நோட்டை அதன் கீழே வைத்தோம்.
ஒளிர வேண்டிய இடமெல்லாம் ஒளிர்ந்தது.
நல்ல நோட்டுதான்.
மூலையில் மட்டும், அரசாங்கம் அடிக்காத
ஒரு கட்டைவிரல் ரேகை, சிவப்பாய்,
சுழி சுழியாய், வெகு துல்லியம்.
இவ்வளவு நல்ல பதிவு
என் சட்டத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை.

சனிக்கிழமை வார்விக் சந்தையில்
அதைக் கொடுத்து மத்தி மீன் வாங்கினேன்.
மீன்காரி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு
மார்பில் செருகிக்கொண்டாள்.